ஈரடிப்பு எஞ்சினும் காரண ஆராய்ச்சியும்

மெய்யியலையும் வரலாற்றையும் பாடங்களாகக் கொண்ட கலைப்பீடத்து மாணவி ஒருத்தி எஞ்சினைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். எஞ்சின் பொறியியற் பீடத்தாருக்கு உரியது. காரண காரியத் தொடர்பு தருக்க விரிவுரைக்கு உரியது என்று நாம் எல்லை வகுத்து வைத்திருக்கிறோம். ஆனால் ஹற்றன் மலைப்பாதையில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் வீட்டிலே அத்தகைய எல்லை எதுவும் கிடையாது. அங்கே எஞ்சின் நின்றால் அன்றைய வருமானம் நின்றது. எஞ்சின் நின்றதற்கான காரணத்தைப் பிழையாக ஊகித்தால், அந்தப் பிழையின் விலையை அரிசியிலும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்திலும் குறைத்தே கொடுத்தாக வேண்டும். தருக்கம் வயிற்றோடு தொடர்புடையது என்பதை நான் கற்றுக்கொண்டது அவ்வாறுதான்.

என் தந்தையாரின் வண்டி ஈரடிப்பு எஞ்சின் பூட்டியது. ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. ஆகவே இன்று எமது வீதிகளிற் காணப்படும் அத்தகைய வண்டிகள் யாவும் முதுமை எய்தியவை. வசதியுள்ளோர் கைவிட, வசதியற்றோர் பேணி வைத்திருப்பவை. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாள், ஏற்றம் ஒன்றில் மூன்று பயணிகளோடு சென்றுகொண்டிருந்த வேளையில், எங்கள் வண்டியின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பட்டணத்துக் கராஜ் ஒன்றில் அதனைப் பிரித்து, உருளையை 0.50 மில்லிமீற்றர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற புதிய பிஸ்டனும் வளையங்களும் இட்டு மீளப் பூட்டினார்கள். கொழுந்து பறிக்கும் என் தாயார் கட்டி வந்த சீட்டுப் பணம் முழுவதும் அதற்கே சென்றது. வழக்கப்படி, கழற்றிய பழைய பிஸ்டனைச் சான்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தந்தையார் அதனை ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டுப் பத்திரப்படுத்தினார்.

இவ்விடத்தில் ஈரடிப்பு எஞ்சினின் இயல்பைச் சிறிது விளக்குதல் அவசியமாகிறது. நாலடிப்பு எஞ்சினில் உள்ளிழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு தொழில்களும் தண்டின் இரண்டு சுற்றுக்களில் நிறைவேறும். ஈரடிப்பு எஞ்சினில் அவை அனைத்தும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். ஸ்கொத்லாந்தவரான டூகல்ட் கிளார்க் 1881 இல் இத்தகைய எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கலவையை உருளைக்குள் செலுத்துவதற்குத் தனியானதொரு பம்பி வைத்திருந்தார். இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 1891 இல் அந்தப் பம்பியையும் நீக்கி, பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங் அறையையே பம்பியாக்கினார். பிஸ்டன் மேலெழும்போது கீழறையில் அமுக்கம் குறைந்து, காபரேற்றரிலிருந்து பெற்றோலும் வளியும் கலந்த ஆவி உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அந்த ஆவி அமுக்கப்பட்டுப் பக்கவழிகளினூடாக மேலே செல்கிறது. பெற்றோலிற் கலந்துள்ள எண்ணெயே போகும் வழியெல்லாம் மசகாகிறது.

இந்த எளிமையிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. கிராங் அறை நுரையீரல் போன்றது. அதன் இரு புறத்தும் தண்டு வெளிவரும் இடங்களில் ஒயில் சீல் எனப்படும் இரப்பர் வளையங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று தேய்ந்தாலும் காபரேற்றர் அளந்து கொடுக்காத வளி திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிடும். வளி மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை எஞ்சினை மிதமிஞ்சிச் சூடாக்கும். பெற்றோல் குறையும்போது அதனோடு வரும் மசகெண்ணெயும் குறைகிறது. வெப்பம் கூடுவதும் மசகு குறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதாற் பிஸ்டன் விரிந்து உருளையோடு இறுகுகிறது.

மீளப் பூட்டிய எஞ்சின் முதல் இரண்டு வாரமும் நன்றாகவே ஓடியது. முன்னரைவிடப் புகையும் குறைந்திருந்தது. அதைக் கண்டு தரிப்பிடத்திலிருந்த சகசாரதிகள் வேலை திறமானது என்று பாராட்டினார்கள். மூன்றாம் வாரத்திற் கோளாறு தலைகாட்டியது. குளிர்ந்திருக்கையிற் குறை எதுவும் தெரியாது. ஏற்றம் ஏறிச் சூடானபின், கைப்பிடியைத் தளர்த்தினாலும் எஞ்சினின் வேகம் குறையாது. தானாகவே உயர்ந்து இரையும். பின்னர் வலுவிழந்து நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் கிளம்பும்.

அது 2022 ஆம் ஆண்டு யூலை மாதம். நாட்டில் எரிபொருள் இல்லை. கியூஆர் அட்டை முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலே ஒதுக்கப்பட்டது. நானும் வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாக விரிவுரை கேட்டுக்கொண்டிருந்த காலம். கோளாறுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிளக்கை மாற்று என்றார் ஒருவர். கொயில் சூடாகிப் பொறி அறுகிறது என்றார் மற்றொருவர். எண்ணெயைக் கூட்டு என்றார் வேறொருவர். மலைநாட்டுக் காற்று மெலிந்தது. அதனாலேயே இப்படி என்றும் ஒருவர் விளக்கம் தந்தார். ஒவ்வொரு கருத்தையும் ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதாயின் வாரத்தின் 5 லீற்றரும் சோதனைக்கே போய்விடும். சிந்திப்பதற்குப் பெற்றோல் தேவையில்லை. அந்த வறுமையே எங்களைச் சிந்திக்க வைத்தது எனலாம்.

தந்தையார் தமக்கு அறிமுகமான முதிய சிங்கள மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் உடன் சென்றேன். ஊரார் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். டச்சு மொழியிலிருந்து சிங்களத்துக்கு வந்து, எங்கள் பேச்சிலும் தங்கிவிட்ட சொல் அது. பாஸ் உடனே சாவியைக் கையில் எடுக்கவில்லை. ஸ்டூலில் அமர்ந்து, கலப்புத் தமிழில் ஒரு கேள்வி கேட்டார். “பழைய பிஸ்டன் இறுகிறதுக்கு முன்னமும் இந்த மாதிரிச் சத்தம் கூடினதா, ஐயா?”

தந்தையார் சிறிது நேரம் யோசித்தார். இறுகுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே பஸ் நிலையத்தடியில் நிறுத்தும்போதெல்லாம் எஞ்சின் தானாக இரைந்தது அவருக்கு நினைவு வந்தது. அந்த ஒரு பதிலோடு வழக்கின் போக்கே மாறிவிட்டது.

ஜோன் ஸ்ருவாட் மில் 1843 இல் வெளியிட்ட தருக்க நூலில் விளக்கிய முறைகளுள் ஒற்றுமை முறையும் ஒன்று. ஒரே விளைவு தோன்றும் பல நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு, ஏனையவை யாவும் வேறுபட ஒன்று மட்டுமே பொதுவாக இருப்பின், அப்பொதுவானதிற் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் வண்டியிற் பழைய பிஸ்டன் வேறு, புதிய பிஸ்டன் வேறு, வளையங்கள் வேறு, கடைந்த உருளையும் முன்னையது போன்றதன்று. விளைவோ ஒன்றே. ஆகவே மாற்றப்பட்டவற்றிலன்றி, மாற்றப்படாதவற்றிலேயே காரணம் இருத்தல் வேண்டும். எஞ்சியிருந்தவை காபரேற்றர், பொறித் தொகுதி, கிராங் அறை ஆகிய மூன்றுமே. மில்லைப் படிக்காத பாஸ் மில்லின் வழியிலேயே வந்து சேர்ந்தார்.

பின்னர் அவர் பிஸ்கட் தகரத்தைத் திறக்கச் சொன்னார். வரலாற்று மாணவர்கள் மூலாதாரம் என்று போற்றுவது அந்தத் தகரத்துக்குள் இருந்தது. ஒழுங்காக எரிந்த ஈரடிப்பு எஞ்சினின் பிஸ்டன் தலையிற் கபில நிறக் காபன் படிந்திருக்கும். இதன் தலையோ வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. புகைவழியை நோக்கிய பக்கத்தில் நெடுங்கோடுகளாகக் கீறல்கள் இருந்தன. வண்டியிலிருந்து கழற்றிய புதிய பிளக்கும் அவ்வாறே வெளுத்திருந்தது. இரண்டு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் தந்தன: வளி அதிகம், பெற்றோல் குறைவு.

இந்த வாக்குமூலத்தின் முன் தரிப்பிடத்துக் கருத்துக்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளி அடர்த்தி குறைந்தது என்பது உண்மையே. ஆனால் வளி அடர்த்தி குறைந்தால் அதே அளவு வளியோடு சேரும் பெற்றோலின் விகிதம் கூடும். பிளக் கறுக்குமேயன்றி வெளுக்காது. கொயில் சூடாகிப் பொறி அறுந்தால் எஞ்சின் தடுமாறும், தானாக வேகமெடுக்காது. எண்ணெயைக் கூட்டுதல் தீமையை மேலும் வளர்க்கும். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கலக்க வேண்டிய இடத்தில் 30 மில்லிலீற்றர் கலந்தால், காபரேற்றரின் சிறு துளை வழியே செல்லும் திரவத்திற் பெற்றோலின் பங்கு குறைந்து, கலவை மேலும் மெலியும். புகை குறைந்தது நல்ல அறிகுறி என்று மகிழ்ந்ததும் இத்தகையதே. தருக்க நூலார் புகையைக் கண்டு தீயை ஊகித்தனர். ஈரடிப்பு எஞ்சினிலோ புகை குறைந்ததைக் கண்டு தீங்கை ஊகிக்க வேண்டியிருந்தது.

காபரேற்றரைச் சோதிக்க, நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் காபரேற்றரைப் பூட்டி ஒரேயொரு முறை மேட்டில் ஏற்றினார்கள். குறை மாறவில்லை. அதன் பின்பு பாஸ் ஒரு பழைய இரத்த அமுக்கமானியை எடுத்து வந்தார். காபரேற்றர் பூட்டும் வாயையும் புகைவழியையும் இரப்பரால் அடைத்து, பக்கவழிகள் திறக்குமாறு பிஸ்டனை அடியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக இரப்பர்க் குமிழை அழுத்தி வளி ஏற்றினார். முள் 300 இல் நின்றது. அது 300 மில்லிமீற்றர் இரசத்தின் அமுக்கம். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 இறாத்தல். நல்ல எஞ்சின் இந்த அமுக்கத்தைச் சில நிமிடங்களாவது தாங்க வேண்டும். எங்கள் எஞ்சினில் ஒரு நிமிடம் ஆகுமுன்பே முள் 100 இற்கும் கீழே இறங்கிவிட்டது.

விசிறியையும் காந்தங்களையும் தாங்கும் சில்லைக் கழற்றி, தண்டைச் சுற்றிச் சவர்க்கார நீரைப் பூசுமாறு பாஸ் என்னிடம் சொன்னார். மீண்டும் வளி ஏற்றியதும் தண்டின் ஓரத்திலிருந்து குமிழிகள் வரிசையாகப் புறப்பட்டன. “மகள், பாருங்க, கள்ளன் இந்தா இருக்கான்” என்றார் அவர். இரப்பரின் உதடு காய்ந்து கெட்டியாகி இருந்தது. அந்தச் சீலின் விலை சில நூறு ரூபா மாத்திரமே. இரு பக்கத்துச் சீல்களையும் மாற்றி மீண்டும் அளந்தபோது ஆறு நிமிடமாகியும் முள் அசையவில்லை. தந்தையாரும் எண்ணெயைப் பழைய அளவுக்கே கொண்டு வந்தார். அன்று மாலை வண்டி மேட்டில் ஏறித் திரும்பியது. கைப்பிடியைத் தளர்த்தியதும் எஞ்சின் அடங்கியது.

முதலிற் பூட்டிய கராஜிற் கடைந்த வேலையிற் குறை எதுவும் இல்லை. அளவும் சரி, பொருளும் சரி. ஆயினும் அங்கே மாற்றப்பட்டது பாதிக்கப்பட்ட உறுப்பேயன்றிப் பாதிப்பைச் செய்த உறுப்பன்று. மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கில் நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்பன முன்னே வர, செயல் இறுதியிலே வருகிறது. காரணம் தேடும் படியைத் தாண்டிச் செய்யப்பட்ட திறமையான வேலை, அடுத்த பிஸ்டனையும் அதே கொலைக்களத்துக்கு அனுப்பி வைக்கும் வேலையாகவே முடிகிறது. எமது சமுதாயத்தில் தேர்வில் தவறிய மாணவனை மாற்றுகிறோம், விளைச்சல் குன்றிய தோட்டத்தில் தொழிலாளரை மாற்றுகிறோம், தோற்ற திட்டத்தில் அதிகாரியை மாற்றுகிறோம். வளி எங்கே கசிகிறது என்று சவர்க்கார நீர் பூசிப் பார்ப்பவர் சிலரே.

ஈரடிப்பு எஞ்சினுக்காக வாதாடுவது என் நோக்கமன்று. புகைவழியும் பக்கவழியும் ஒருசேரத் திறந்திருக்கும் கணத்தில் எரியாத பெற்றோலின் ஒரு பகுதி வெளியேறி வளியை மாசுபடுத்துகிறது. இறக்குமதியைத் தடுத்தது நியாயமானதே. எனினும் சட்டம் தடுத்த நாளோடு வறுமை புது வண்டி வாங்கிவிடுவதில்லை. எஞ்சியிருக்கும் பழைய எஞ்சின்கள் ஓயும்வரை அவற்றை நம்பிய குடும்பங்களும் வாழ்ந்தாக வேண்டும். அவற்றைப் பழுது பார்க்கும் கைகளிலுள்ள அறிவு பெரும்பாலும் நூல்களில் எழுதப்படாதது; அக்கைகளோடு மறையக்கூடியது. எங்கள் நூலகத்தில் மில்லின் நூலுக்கு ஓர் இடம் உண்டு. பாஸின் கேள்விக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதினேன்.