பூட்டிய சைக்கிளும் ஏரிக்கரைப் பாதையும்

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறதா? அதன் இருக்கையில் தூசி படிந்து கிடக்கிறதா? அப்படியானால் இக்கட்டுரையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் இல்லம் கிழக்குத் தாம்பரத்தில் உள்ளது. என் மகள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு பயில்கிறாள். தமிழக அரசு 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-2006 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாயிற்று. அவ்வழியில் என் மகளுக்கும் ஒரு சைக்கிள் கிடைத்தது. பள்ளியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்த மாலையில் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து அதைப் பூட்டியதுதான்! மூன்று மாதங்கள் அதன் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

கேட்பவர்களிடமெல்லாம் சாலையைக் காரணம் காட்டினேன். அது பொய்யும் அன்று. தாம்பரம் 1931-லேயே மின்சார ரயில் கண்ட ஊர். ஊரை இரண்டாகப் பிளந்து செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலோ பேருந்தும் லாரியும் தண்ணீர் வண்டியும் ஒன்றை ஒன்று முந்துகின்றன. வேளச்சேரி சாலையின் நிலையும் அதுவே. பதினாறு வயதுப் பெண் பிள்ளையை அங்கே எப்படி அனுப்புவது?

"அத்தா, பூட்டி வைக்கத்தான் இதைக் கொடுத்தாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள் மகள். என்னிடம் பதில் இல்லை.

அக்கா ஓட்டிய வண்டி

அன்றிரவு எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். 1991-இல் எனக்குப் பதினோரு வயது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுவதும் எழுத்தறிவைக் கொண்டு சென்ற காலம் அது. எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், ஆசிரியைகள், நம் சமுதாயத்துப் பெண்கள் எனப் பல்லாயிரவர் கற்றனர். என் அக்காவும் அவர்களுள் ஒருத்தி. வாடகைக்கு எடுத்த வண்டியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான்தான். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை நான் பிடியை விட்டதை அறியாமலேயே தெருக்கோடி வரை சென்றுவிட்டாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். என் தகப்பனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் அக்கா தன் குழந்தையை முன் பாரில் அமர்த்தி, கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டி வந்தபோது, முணுமுணுத்தவர்களே தம் பெண் மக்களை அனுப்பி வைத்தனர்.

வாசகர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். என் பையிலிருந்த சாவிக்குச் சாலை மட்டும் காரணமன்று. "ஊர் என்ன சொல்லும்?" என்ற அச்சமும் அதில் பாதி. பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நான், எழுத்தறியாத என் தகப்பனாருக்கு இருந்த துணிவை இழந்திருந்தேன்!

பிரான்சு நாட்டின் பசுமை வழிகள்

ஊர்ப் பேச்சை மனத்திலிருந்து தள்ளிவிட்டேன். சாலையை எவ்வாறு தள்ளுவது? அப்போதுதான் பிரான்சு நாட்டுக் கிராமப்புறங்களைப் பற்றிப் படித்தேன். நான் அங்கே சென்றவனல்லன். படித்து அறிந்ததையே சொல்கிறேன். மோட்டார் வாகனம் நுழையக் கூடாத நெடும் பாதைகள் அங்கே உள்ளன. 'பசுமை வழி' என்பது அவற்றின் பெயர். சைக்கிளில் செல்வோரும் நடப்போரும் சக்கர நாற்காலியில் வருவோரும் அவற்றைப் பயன்படுத்தலாம். குடும்பம் குடும்பமாகப் பையைக் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஊர் ஊராகச் செல்கின்றனர்.

இப்பாதைகளுக்காக அவர்கள் புதிதாக நிலத்தைத் தேடி அலையவில்லை. பர்கண்டிப் பகுதியில் ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட தடம் ஒன்று, ஜிவ்ரி, க்ளூனி எனும் ஊர்களுக்கிடையே 44 கிலோமீட்டர் பசுமை வழியாக 1997-இல் திறக்கப்பட்டது. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆதலால் அத்தடம் சிறுவர்க்கும் முதியோர்க்கும் எளிதாக அமைந்தது. தெற்கே 1681-இல் முடிக்கப்பட்ட மிடி கால்வாய் சுமார் 240 கிலோமீட்டர் நீளமுடையது. படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்துப் பாதையில் இன்று பல இடங்களில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

பழைய தடம், பழைய கரை! இதைப் படித்ததும் என் மனம் நம் ஏரிகளை எண்ணியது.

வண்டலூரில் ஒரு காலை

ஏரிக்குப் போகுமுன் மகளின் பழக்கத்தைச் சோதிக்க விரும்பினேன். ஒரு ஞாயிறன்று தாம்பரத்திலிருந்து இரண்டாவது நிலையமான வண்டலூருக்குக் குடும்பத்தோடு ரயிலேறினோம். 1985-இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 எக்டர் பரப்புடையது. அங்கே சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பார்வையாளரை ஏற்றிச் செல்லும் பூங்கா வண்டிகள் எப்போதாவது கடக்கும். மற்றபடி ஆரன் ஒலியே கிடையாது. 2016-இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களை இங்கே சாய்த்தது. அப்படியும் நிழலுக்குக் குறைவில்லை. மகள் முன்னே செல்ல, நான் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தேன். மர நிழலில் அமர்ந்திருந்த என் துணைவியார், "பிள்ளை நல்லாத்தான் ஓட்டுறா, உங்களைத்தான் ஒருத்தர் பிடிச்சுக்கணும்" என்று சிரித்தார்!

ஏரி தந்த பாதை

அடுத்த ஞாயிறு, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பூட்டைத் திறந்தேன். உட்தெருக்கள் வழியே சிட்லபாக்கம் ஏரியை அடைந்தோம். அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்ட ஏரி அது. கரையில் நடைபாதை உண்டு. நடப்போர் மிகுந்த இடங்களில் இறங்கித் தள்ளினோம். நீரில் முக்குளிப்பான் மூழ்கி எழுந்தது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக் கொண்டிருந்தது. பிரதான சாலையின் இரைச்சல் எங்கோ தொலைவில் கேட்டது.

கரை ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது? ஓரிடத்தில் தாழ்ந்தாலும் வெள்ளம் அங்கேதான் உடைத்துக்கொண்டு ஓடும். ஆதலால் முன்னோர் நீர்மட்டத்தையே அளவாகக் கொண்டு நெடுகிலும் ஒரே உயரத்தில் கரை எழுப்பினர். பிரான்சில் ரயில் தந்த வசதியை இங்கே ஏரி தருகிறது! இன்னொன்றும் உண்டு. நம் ஏரிகள் தனித்தனியானவை அல்ல. செம்பாக்கம் ஏரியின் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அந்த நீர்வழியின் ஓரமெல்லாம் பாதை அமைந்தால், நம் பிள்ளைகள் பெருஞ்சாலைகளைச் சில இடங்களில் கடந்தாலே போதும்.

இன்றைய நிலையோ வேறு. நாங்கள் சென்ற மற்றோர் ஏரியில் கரை பாதியில் முடிந்தது. அதற்கப்பால் குப்பை மேடு, நீரெங்கும் ஆகாயத்தாமரை. மகள் வண்டியைத் திருப்பினாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீதிகளில் படகு ஓடியதை நாம் மறந்துவிடலாமா? மக்கள் நாள்தோறும் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் செல்லும் கரையில் குப்பை கொட்டக் கை கூசும். ஆக்கிரமிப்பும் ஒளிந்து வளராது. சைக்கிள் பாதை ஏரிக்கும் ஒரு காவல்.

நாம் செய்யக்கூடியது

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. நம் தாம்பரம் மாநகராட்சி 2021-இல் பிறந்த இளைய மாநகராட்சி. உங்கள் வார்டு உறுப்பினரிடம், ஏரியைச் சீரமைக்கும்போது கரையில் சைக்கிளுக்கும் பாதை விடும்படி எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து கேட்டால் குரல் வலுக்கும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். விடுமுறை நாளில், சாலைகள் விழிக்கும் முன் புறப்படுங்கள். டயருக்குக் காற்றும், பிரேக்கும் சரிபாருங்கள். பெண் பிள்ளைகளின் துப்பட்டாவும் புர்காவின் ஓரமும் சக்கரத்தில் சிக்காதபடி செயின் கவரும் வலைக் கவரும் பொருத்துங்கள். வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள்.

எங்கள் வீட்டுச் சைக்கிளின் சாவி இப்போது என் சட்டைப் பையில் இல்லை. வாசற்கதவின் பக்கத்து ஆணியில், மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா அதைக் கண்டு, "உங்க அத்தாவுக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்றாள் என் மகளிடம். வரும் ஞாயிறு, இன்ஷா அல்லாஹ், நாங்கள் மீண்டும் ஏரிக்கரைக்குச் செல்கிறோம். உங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது?