அருவிக்கரைப் பெட்டிக்கு ஒரு குட்டி லினக்ஸ்

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடியதும், 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அந்தச் செய்தியிலிருந்துதான் பிறந்தது. அருவிக்கு மேலே ஓடையில் வெள்ளம் வருவதைக் கண்டுகொண்டு, கீழே சங்கு ஊத வைக்கும் ஒரு பெட்டி!

"நீர்மட்டம் பார்க்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போதுமேப்பா, லினக்ஸ் எதுக்கு?" என்று சார் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் அப்பாவிடம் இருந்தது. அவர் அருவிக்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். "ஏலே, தண்ணி ஏறதுக்கு முந்தியே நெறம் மாறிரும். கலங்கி வரும், சருகும் சுள்ளியும் மெதந்து வரும். அப்பமே நாங்க ஆளுகள கரையேத்திருவோம்" என்றார். நிறம் பார்க்கக் கேமரா வேண்டும். கேமரா என்று வந்துவிட்டால் லினக்ஸ்தான் வசதி. ஆகவே ஒரு ராஸ்பெர்ரி பை பலகை வாங்கினோம்.

அதற்கென்று கிடைக்கும் வழக்கமான ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டெஸ்க்டாப், பிரவுசர், ப்ளூடூத் என்று நமக்குத் தேவையில்லாதது எத்தனையோ! அதுகூடப் பரவாயில்லை. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெட்டுப்போகலாம், பிறகு பெட்டி எழுந்திருக்காது. மழை நேரத்தில்தான் கரண்ட் போகும், அந்த நேரத்தில்தான் பெட்டியும் வேண்டும். காட்டுக்குள் போய் யார் கார்டை மாற்றுவது?

எனவே சொந்தமாகவே ஒரு லினக்ஸ் கட்ட முடிவு செய்தோம். இதற்கு பில்ட்ரூட் என்றொரு கருவி 2001 முதல் இருக்கிறது. மெனுவில் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். கம்பைலர், கெர்னல், மற்ற நிரல்கள் எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்டி, கார்டில் எழுத ஒரே கோப்பாகக் கொடுத்துவிடும். அதனுள் இருக்கும் பிஸிபாக்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. டெபியன் லினக்ஸை நிறுவும் ஏற்பாட்டை ஒரே ஃபிளாப்பியில் அடக்குவதற்காக 1995-இல் புரூஸ் பெரன்ஸ் எழுதியது. நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஒரே கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும்.

கட்டியது எதில் தெரியுமா? பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில். அதில் ஏற்கனவே பாஸ் லினக்ஸ் இருந்தது. அதுவும் டெபியனை எடுத்து நம் தேவைக்காக மாற்றியதுதான். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்டது. பழைய மெஷின் ஆகையால் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, தூங்கி எழுந்தாலும் கம்பைல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

கடைசியில் கிடைத்தது அறுபது எம்.பி.க்குச் சற்றே மேல். மூலக் கோப்புகளை ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில் வைத்தோம். அதைப் படிக்கலாம், எழுத முடியாது. தற்காலிகக் குறிப்புகள் எல்லாம் ராமில். கரண்ட் போனால் அவை போகட்டும். பலகையிலேயே வாட்ச்டாக் என்ற காவல்காரன் உண்டு. 15 விநாடிக்குள் எங்கள் நிரல் அவனைத் தட்டாவிட்டால், நிரல் உறைந்துவிட்டதென்று பலகையை அவனே ரீசெட் செய்துவிடுவான். நண்பன் ஒருவன் ஐம்பது முறை பிளக்கைப் பிடுங்கினான். ஐம்பது முறையும் ஒன்பது, பத்து விநாடியில் எழுந்து வேலையைத் தொடர்ந்தது. லேபில் விசில் சத்தம்!

சோதனையைப் பார்க்க அப்பாவை அழைத்து வந்தேன். கல்லூரி வாசல் மிதிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. வாளித் தண்ணீரில் செம்மண் கரைத்தோம், சங்கு ஊதியது. அப்பா குனிந்து பார்த்து, "இது கொல்லைச் செம்மண்ணுல்ல. மலைத்தண்ணி மொதல்ல டீ நெறத்துல வரும். அப்பம் ஊதணும்" என்றார். சார் உடனே நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். நிரலில் அந்த எல்லையை அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

மேலே ஓடையில் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சோலார் பேனல் வேலை பாதியில் நிற்கிறது. நாங்கள் எதையெல்லாம் தேர்ந்தெடுத்தோம் என்ற பட்டியல் கோப்பு துறை லேபில் இருக்கிறது. அதை பில்ட்ரூட்டிடம் கொடுத்தால் இதே லினக்ஸ் மறுபடி கிடைக்கும். இரண்டாமாண்டுத் தம்பி தங்கைகளே, சீசனுக்கு அப்பா ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை