புந்தோங்கில் கேட்கும் ஒரு கேள்வி

ஈப்போவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ரயில் நிலையத்தின் வெள்ளைக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள். பழைய நகரில் வெள்ளைக் காப்பி குடிப்பார்கள். சுண்ணாம்புமலைக் குகைக் கோயில் ஒன்றுக்குப் போய் வருவார்கள். ரயில் பாதையின் மறுபக்கம், காரில் சில நிமிடத் தொலைவில் இருக்கும் புந்தோங் அந்தப் பட்டியலில் வருவதில்லை. வந்தாலும் கச்சாங் பூத்தே வாங்கும் அரை மணி நேரமாகத்தான் வரும்.

தேர்தல் வந்தால் மட்டும் பத்திரிகைகள் புந்தோங்கை நினைத்துக்கொள்ளும். நாட்டிலேயே இந்திய வாக்காளர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள சட்டமன்றத் தொகுதி என்று எழுதும். தேர்தல் முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒரு பக்கம் சீனர்களின் புதுக்கிராமம். ஈப்போவின் பெயரைச் சொல்லி நாம் சாப்பிடும் கோழியும் தௌகேயும் நினைவிருக்கிறதா? அந்தக் கொழுத்த தௌகே முளைப்பது இங்கேதான். மறுபக்கம் சுங்கை பாரி சாலையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள். தைப்பூசத்தன்று இங்குள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் குனோங் சீரோவின் கல்லுமலை முருகன் கோயில்வரை நடந்தே போகும்.

இந்த ஊரில் இரண்டு அந்நியர்கள் அறிமுகமானால், பெயரைக் கேட்ட கையோடு ஒரு கேள்வி வரும். "நீங்க எந்தத் தோட்டம்?" கேட்கிறவர் தோட்டத்தை விட்டு வந்து 40 ஆண்டுகள் ஆகியிருக்கும். பதில் சொல்கிறவர் தோட்டத்தில் பிறந்தவராகக்கூட இருக்கமாட்டார். ஆனாலும் கேள்வி வரும், பதிலும் வரும். அந்தப் பதிலிலிருந்து ஒரு கதை தொடங்கும்.

பயணமும் சொந்த அனுபவமும் ஓர் எழுத்தாளரை எப்படி உருவாக்குகின்றன என்பதை யோசிக்க, இந்தக் கேள்வி வாழும் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது.

எட்டயபுரத்திலிருந்து வந்த கடலை

கச்சாங் பூத்தே வியாபாரத்தில் தொடங்குவோம். 'வெள்ளைக் கடலை' என்று பொருள்படும் இந்த மலாய்ப் பெயருக்குள் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை, பட்டாணி எல்லாம் அடக்கம். புந்தோங்கில் இந்தத் தொழிலைச் செய்யும் குடும்பங்களின் மூலம் தமிழ்நாட்டின் எட்டயபுரம். 1940களில் வந்து சேர்ந்தவர்கள் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் கொண்டுபோய், காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி விற்றார்கள். திரையரங்கு வாசலில் அந்தக் கூம்பை வாங்காமல் படம் பார்த்த பேராக்காரர்கள் குறைவு. இன்று அதே மாவு, அதே எண்ணெய் வாசனை. கூம்பு மட்டும் பிளாஸ்டிக் பொட்டலமாகிவிட்டது.

எட்டயபுரம் என்றதும் வேறொருவர் நினைவுக்கு வருவார். 1882ல் அங்கே பிறந்த பாரதியார். காசிக்குப் போனவர், புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் தங்கியவர். ஆனால் கடல் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவர் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் தவித்த பெண்களைப் பற்றிப் பாடினார். தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே எழுதிய அந்தப் பாட்டு, தோட்டத்தில் பிறந்தவர்களையும் இன்றுவரை கலங்க வைக்கிறது.

அப்படியானால் எழுத்தாளருக்குப் பயணமே தேவையில்லையா? அவசரப்பட வேண்டாம். பாரதி பிஜிக்குப் போகவில்லை என்பது உண்மை. ஊரைப் பிரிந்து, போலீஸ் கண்காணிப்பில், திரும்ப முடியாத நிலையில் வாழ்வது எப்படி என்பதை அவர் புதுச்சேரியில் அனுபவித்தார் என்பதும் உண்மை. இடத்தைப் பார்க்காவிட்டாலும் பிரிவை அறிந்தவர் அவர். அனுபவம் என்பது பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைகளின் எண்ணிக்கை அல்ல. இன்னொருவரின் துயரத்துக்குள் போக நம்மிடம் இருக்கும் சொந்தச் சாவி அது.

போனவர், வந்தவர், தங்கியவர்

கடல் தாண்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938ல், 18 வயதில், சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அந்தப் பகுதியில் இருந்தபடியே பார்த்தார். 1946ல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தார். பல காலம் விடுதி அறையில் தனியாக வாழ்ந்த அந்த மனிதர் தமிழுக்குத் தந்தவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959ல் கலைமகள் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' 1972ல் வெளிவந்தது. மேடானின் கடைவீதியும் பினாங்கின் தெருக்களும் தமிழில் இத்தனை உயிரோடு எழுதப்பட்டதற்குக் காரணம், அவர் அங்கே விருந்தாளியாக இருக்கவில்லை என்பதுதான். பெட்டியடிப் பையனாக இருந்தார். கணக்கு எழுதினார், கடன் வசூலிப்பதைப் பார்த்தார், பல மொழிகள் கலந்த பேச்சைக் காதில் வாங்கினார். பார்த்ததற்கும் அச்சில் வந்ததற்கும் நடுவே பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அனுபவம் ஊறியது.

வேறொரு வகைப் பயணம் அகிலனுடையது. 1970களின் நடுவில் மலேசியாவுக்கு வந்தார். இங்குள்ள தோட்டங்களைப் பார்த்தார், மக்களோடு பேசினார். அதன் விளைவு 'பால்மரக் காட்டினிலே'. தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் மலேசியத் தோட்டப் பாட்டாளியை முதன்முதலில் சந்தித்தது அந்த நாவலில்தான். விருந்தாளியின் கண்ணுக்கு ஒரு பலம் உண்டு. நாம் தினமும் பார்த்துப் பழகி, பார்ப்பதையே நிறுத்திவிட்ட லயத்து வரிசை அவருக்குப் புதிது. அதிகாலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்தை நோக்கிப் போகும் அம்மாவைக் கண்டு அவர் நின்றுவிடுவார். நாம் கடந்து போய்விடுவோம். அதே கண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. விருந்தாளி வந்த நாளில் வீடு பெருக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர் கு. அழகிரிசாமி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்தவர். எட்டயபுரத்துக் கடலைக்காரர்களுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1952ல் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் பணியாற்றினார். 1957ல் திரும்பினார். இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் இங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். பயணம் எழுத்தாளருக்கு என்ன தந்தது என்றே எப்போதும் கேட்கிறோம். போன இடத்துக்கு எழுத்தாளர் என்ன தந்தார் என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அழகிரிசாமி நல்ல பதில்.

வீட்டு வாசலுக்கு வந்த அனுபவம்

சிலருக்குப் பயணம் போகத் தேவையே இருக்காது. காலம் அவர்கள் வாசலுக்கே வந்துவிடும்.

ஈப்போவில் தமிழரான தம் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருந்தகம் நடத்தியவர் சிபில் கார்த்திகேசு. சிங்காரம் வேலைக்குப் போன அதே மேடானில் 1899ல் பிறந்தவர். பெயரின் நடுவிலேயே மேடான் உண்டு. ஜப்பானியர் காலத்தில் குடும்பம் ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார், வானொலிச் செய்திகளைக் கேட்டுப் பரப்பினார். 1943ல் பிடிபட்டார். கெம்பெய்த்தாயின் சித்திரவதையில் உடல் சிதைந்தது. வாய் திறக்கவில்லை. போர் முடிந்து சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டவர், அங்கேதான் தம் நினைவுகளைப் பதிவு செய்தார். 1948ல் காலமானார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அந்த ஆங்கில நூல் 1954ல் வெளிவந்தது.

கவனியுங்கள். அனுபவம் கிடைத்தது பாப்பானில். எழுத்தானது பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

நம் காலத்தில் ஈப்போவில் வளர்ந்து, வெளிநாடு சென்று, பிரான்சில் குடியேறிய பிரீத்தா சமரசனும் இதே வழியில் போனவர். 2008ல் வந்த 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' என்ற அவருடைய முதல் நாவல் ஈப்போவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எழுதியது ஆங்கிலத்தில். தலைப்பின் வேரோ குறுந்தொகையில் இருக்கிறது. ஊரை விட்டுப் போனவருக்கு ஊர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அம்மா சமையலின் ருசி விடுதியில் தங்கிய முதல் மாதத்தில்தானே நமக்கும் புரிந்தது?

யார் எழுதப் போகிறார்கள்?

இந்த இடத்தில் புந்தோங்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பிரேசிலிலிருந்து பிரிட்டன் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் 1877ல் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த மரத்துக்கு வேலி உண்டு, அறிவிப்புப் பலகை உண்டு. அந்த மரங்களுக்காகக் கப்பலேறி வந்தவர்களின் பேச்சுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

மங்கு, பெரட்டு, கித்தாக் காடு, ஆயாக் கொட்டகை, கிராணி, தண்டல், நிறை. இந்தச் சொற்களில் எத்தனைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருள் தெரியும்? பால் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைக் கண்டுதான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சில தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. மற்ற தோட்டங்களின் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார்கள். புந்தோங் போன்ற ஊர்கள் அவர்களை ஏற்றுக்கொண்டன. தோட்டத்திலிருந்து லாரியில் சாமான் ஏற்றி வந்த அந்தச் சில மைல் தூரம், ரஜூலா கப்பலில் கடல் கடந்த தாத்தாவின் பயணத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதற்கு யாரும் பயணக் கட்டுரை எழுதவில்லை. எழுத வேண்டியவர்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

1948ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது 15 வயதில் பால் வெட்டப் போனவருக்கு இன்று 90 வயதுக்கு மேல். அவர் கதை சொல்லக் காத்திருக்கலாம். காலம் காத்திருக்காது.

எழுத ஆசைப்படும் இளையவர்கள் பலர், எழுத்துக்கு அனுபவம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். கொரியாவுக்கும் பாலிக்கும் போய்வந்து படங்களைப் பகிர்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். வெளியூர் பார்த்தவனுக்குத்தான் தன் ஊரை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். ஆனால் அந்த ஒப்பீட்டின் மறுபாதி இங்கே இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஈப்போவில் இறங்கிப் புந்தோங்குக்குப் போங்கள். கடலை மாவு பிசையும் நேரத்தில் போனால் நல்லது. பொட்டலம் வாங்கியதும் கிளம்பிவிடாமல், கடைக்காரர் கை ஓய்ந்திருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். தேநீர்க் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் அனுமதி கேட்டு எதிரில் அமருங்கள். தொலைபேசியில் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். 'கித்தா' என்றால் கித்தா என்றே எழுதுங்கள். அதை 'ரப்பர்' என்று திருத்தாதீர்கள். திருத்தினால் மலாய் 'கெத்தா' தமிழர் வாயில் கித்தாவான அந்த நூற்றாண்டு போய்விடும்.

சிங்காரத்துக்கு மேடான் கிடைத்தது பிழைப்புக்காக. சிபிலுக்குப் பாப்பான் கிடைத்தது போரால். புந்தோங் நமக்குக் கிடைத்திருப்பது பிறப்பால், உறவால், அல்லது ஒரு ரயில் டிக்கெட் விலைக்கு. உங்கள் பாட்டி எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், எந்த ஆண்டு வெளியேறினார்? இந்த நான்குக்கும் பதில் தெரியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்கு ஒரு போன் போடலாம். அவர் இல்லையென்றால், அவரோடு லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர் யாராவது புந்தோங்கில் இருப்பார். அவரிடம் உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும்.