தாத்தாவின் தக்காளித் தொட்டிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். அந்தக் கூலியில்தான் என் படிப்பு. தாத்தாவுக்கோ அரை ஏக்கர் நிலமும் உப்பேறிய கிணறும்தான் சொத்து. ஆகவே தோல் தொழிலை வாழ்த்தவும் முடியாமல், வையவும் முடியாமல் வளர்ந்தவள் நான்.

சென்ற தை மாதம் வகுப்பில் உயிர் ஊக்கிகளைப் பற்றிப் பாடம் நடந்தது. இவை உரமல்ல, பூச்சி மருந்துமல்ல. சிறிதளவே தெளித்தாலும், செடி சத்தை நன்கு எடுத்துக்கொள்ளவும் வறட்சியைத் தாங்கவும் துணை செய்பவை. பஞ்சகவ்யமும் கடற்பாசிச் சாறும் இவ்வகையே. முருங்கை இலையிலும் சியாட்டின் என்னும் சைட்டோகைனின் உண்டாம். இலை விரைவில் முதுமை எய்தாமல் அது காக்குமாம். முருங்கை எங்கள் வாசலிலேயே நிற்கிறதே என்று மனம் துள்ளியது.

பி.கே.எம். 1 தக்காளி நாற்றை 8 தொட்டிகளில் நட்டேன். நான்குக்குக் கிணற்று நீர். நான்குக்குக் குழாய் நீர். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மட்டும், இளம் முருங்கை இலையை அரைத்து வடிகட்டி, ஒரு பங்குச் சாற்றுக்கு 30 பங்கு நீர் கலந்து, 15 நாளுக்கொருமுறை தெளித்தேன்.

குழாய் நீரில் சாறு பெற்ற செடிகள் கரும்பச்சையாய்த் தழைத்தன. பழமும் திரட்சியாய் வந்தது. கிணற்று நீரிலோ, சாறு பெற்றவை சில நாள் கூடுதலாகப் பசுமை காத்தன. பிறகு அவற்றின் இலை நுனியும் கருகிற்று. இத்தனை குறைந்த செடிகளைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்றார் ஆசிரியர். ஆயினும் ஒன்று விளங்கியது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது நீரில் இறங்குகிறது. அந்நீர் பல்லாண்டுகள் நம் மண்ணில் சேர்ந்தது. உப்பு மிகுந்த மண்ணில் வேர் நீரை உறிஞ்சத் திணறும். ஊக்கி செடியைத் தட்டிக்கொடுக்கும், உப்பை அகற்றாது.

இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை, உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று அளித்த தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறியது. நான் பிறக்கும் முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு அது.

கருகிய இலையைத் தடவிப் பார்த்த தாத்தா, "செடிக்குக் கஷாயம் குட்த்துட்டே, கண்ணு. கெணத்துக்கு யாரு குட்க்கறது?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த பருவத்திற்கு மழைநீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி மட்டும் கேட்டிருக்கிறேன்.