பாட்டி பக்கம் இருட்டு

பரணில் பழைய ஃபிலிம் கேமராவும் ஃப்ளாஷும் கிடக்கிறதா உங்களிடம்? கொஞ்சம் பொறுங்கள்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், திண்ணையில் தாத்தா பாட்டியை உட்காரவைத்து, பென்டாக்ஸ் கே1000-ல் ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். ஷட்டர் 125-ல். பிரின்ட்டில் தாத்தா பளிச். பாட்டி பக்கம் ஒரே கறுப்பு. அந்தத் துணி ஷட்டர் 60-க்கு மேல் போனால் ஒரே நேரத்தில் முழுசாகத் திறக்காதாம். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

இன்னொன்று. சில பழைய ஃப்ளாஷ்களின் ட்ரிகர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும். மெக்கானிக்கல் கேமரா பெரும்பாலும் தாங்கும். எலெக்ட்ரானிக் கேமரா என்றால் சர்க்யூட் போச்சு! சார்ஜ் ஏற்றி, ஃப்ளாஷின் காலில் நடு முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் மல்ட்டிமீட்டர் வையுங்கள். விரல் படாமல்.

மறுமுறை போனபோது ஞாபகமாக 60-ல்தான் வைத்தேன். தாத்தா மட்டும் உட்கார்ந்திருந்தார்.