நூறு சதவீதத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிடும். '100 சதவீதத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே அதிக மதிப்பெண் எடுத்த மூன்று பிள்ளைகளின் படம், பக்கத்தில் தலைமையாசிரியர் படம். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே கைவிட்டது. பேனர்கள் இன்னும் கைவிடவில்லை. தென்சென்னைப் புறநகரில் நான் வேலை செய்யும் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியிலும் அப்படி ஒன்று தொங்கியது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளியின் குற்றமாகச் சுருங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேனரில் இருந்த பிள்ளைகளின் வெற்றி பொய்யில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து கொட்டப்பட்ட குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. கணிசமானோர் தலித்துகள். அம்மா வீட்டு வேலைக்கு அடையாறுக்கோ மயிலாப்பூருக்கோ விடியற்காலையில் பஸ் ஏறிப் போய்விடுவார். தம்பி தங்கைக்குச் சோறு போட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஒரே அறை வீட்டில் படித்து 400 மதிப்பெண் எடுக்கிற பெண் பிள்ளையை நான் எங்கே வேண்டுமானாலும் கொண்டாடுவேன்.

என் கேள்வி வேறு. நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?

கணக்கு எளிது. ஒன்பதாம் வகுப்பில் நூறு பேர் இருந்து, எழுபது பேரை மட்டும் பத்தாம் வகுப்புத் தேர்வில் உட்கார வைத்து, எழுபது பேரும் தேறினால் அதுவும் 100 சதவீதம்தான். காணாமல் போன முப்பது பேர் எந்த வகுத்தலிலும் வரமாட்டார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. வடிகட்டல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது தற்செயல் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் 2018-19-ல் ஒன்பதாம் வகுப்பு. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியிருந்தான். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போவான். அந்தக் கோடை விடுமுறையில் அவன் அம்மாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். "ஏம்மா, இவன் இங்க இருந்தா ஃபெயில்தான். டி.சி. வாங்கிட்டுப் போ, டுடோரியல்ல சேத்து பிரைவேட்டா எழுத வை" என்றார்கள். பெற்றோரே கேட்டு வாங்கியதாக ஒரு கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அந்த அம்மா போட்டுவிட்டார். டுடோரியலுக்கு யார் பணம் கட்டுவது? பையன் தண்ணீர் கேன் போடப் போனான்.

விஷயம் தெரிந்து நான் போய்க் கேட்டபோது தலைமையாசிரியர் கோபப்படவில்லை. "மேடம், ரிசல்ட் குறைஞ்சா ரிவ்யூ மீட்டிங்கில எல்லார் முன்னாடியும் என்னைத்தான் நிக்க வைப்பாங்க. காலிப் பணியிடத்தை யாரும் கேக்கமாட்டாங்க, சதவீதத்தைத்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் மேலிருந்து வரும் அழுத்தம் கீழே யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் நம் கேள்வி.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்து மதிப்பெண் போட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்த எல்லாரும் பாஸ். அன்று மாலை அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: "அக்கா, பேரு மட்டும் அதுல இருந்திருந்தா நானும் பாஸா?"

ஆமாம், பாஸ்தான். பெயரை அடிக்காமல் விட்டிருந்தாலே போதும்.

பத்தாம் வகுப்பு இல்லாவிட்டால் குரூப் 4 எழுத முடியாது, காவலர் தேர்வு எழுத முடியாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. ஒன்பதில் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கதவும் அன்றே சாத்தப்படுகிறது.

யாருடைய பெயர் முதலில் அடிபடுகிறது? பதிவேட்டில் சாதியைப் பார்த்து அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. "போர்டு பசங்க" என்ற ஒரு சொல் போதும். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் மாற்றிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் இந்தச் சொல் மாறவில்லை. வருகை குறைவு, ஒழுங்கில்லை, வீட்டில் கவனிப்பில்லை என்று சாதியே பேசாமல் காரணம் சொல்லலாம். படிப்பு ஆண்டின் நடுவில் வீட்டை இடித்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினால் வருகை எப்படிக் குறையாமல் இருக்கும்? கேட்கவும் ஆள் வராது. வந்தாலும் "ஏம்மா" என்று ஒருமையில்தான் பதில்.

இதே தென்சென்னையில், அடையாறு ஊரூரில், 1894-ல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கினார். மற்ற பள்ளிகள் நம்மைச் சேர்க்காததால்தான் அப்படி ஒன்று தேவைப்பட்டது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா ஆசிரியராக இருந்து, பிறகு சட்டமன்றத்துக்குள் போய் நம் கல்விக்காகப் பேசினார். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு அவ்வளவு பாடு பட்டிருக்கிறோம். அதை ஒரு கடிதத்தில் அடித்துவிட முடிகிறது என்றால் அதைத் தனிப்பட்ட ஒரு பையனின் தோல்வியாகப் பார்க்க முடியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தேர்ச்சி விகிதத்தோடு இன்னொரு எண்ணையும் ஒவ்வொரு பள்ளியும் வெளியிடட்டும்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? எமிஸ் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. கணினியில் எடுக்கக்கூடிய கணக்குதான். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் டி.சி. கொடுப்பதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துக் காரணத்தைப் பதிவு செய்யட்டும். பிள்ளை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்று உறுதி செய்யட்டும். 95 சதவீதம் எடுத்தாலும் ஒரு பிள்ளையையும் வெளியேற்றாத பள்ளிதான் சாதித்த பள்ளி என்று ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரிகள் சொல்லட்டும்.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பகுதிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலையும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்பிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேளுங்கள். மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.