துணிக்கு அடியில் என்ன?

துணியை விலக்கக் கூடாது. கையை மட்டும் உள்ளே விடலாம். மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டுப் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் மட்டும் போதாது. எந்த வண்டியில், எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் அந்தச் சுற்றுக் காபிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறுகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் இறங்கியதும் கடற்கரைச் சாலைக்குப் போனேன். மாலை 6 மணி முதல் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். பழைய கார்ச் சாமான்களைத் தேடி வந்தவனுக்குக் கார் இல்லாத சாலைதான் முதல் காட்சி. துய்மா வீதி வழியாக, நீலப் பலகைகளில் பிரெஞ்சையும் தமிழையும் மாறி மாறி வாசித்துக்கொண்டே நடந்து, பிறகு மேற்கே திரும்பினேன். பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் காகிதப்பூ கொடி படர்ந்த உயரச் சுவர்கள் போய், திண்ணையும் மரத்தூணும் வந்துவிடுகின்றன. அப்படி ஒரு திண்ணையில்தான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடும் சந்தையைச் சுற்றிவிட்டு, காயலான் கடையில் அகப்பட்டதையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து சேர்கிறார்கள். அன்றைக்கு என்னோடு சேர்த்து ஏழு பேர்.

நடத்துபவர் எழுபதைத் தாண்டிய மெக்கானிக். பட்டறையை மூடியாயிற்று, விரல் இடுக்கில் கிரீஸ் கறை மட்டும் மிச்சம்.

"வாங்க தம்பி. கோயம்புத்தூர்க்காரங்க லேத்துலயே பொறந்தவங்கன்னு சொல்லுவாங்க. பாத்துடலாமா?"

"பாத்துடலாங்க ஐயா" என்றேன். ஜி.டி. நாயுடு பிறந்த மண். அவினாசி சாலையில் இருக்கும் ஜீடீ கார் மியூசியத்தை எத்தனை முறை சுற்றியிருப்பேன்! அந்தத் தெம்பு.

முதல் பொருள் கைக்கு அடக்கமாக, பசுவின் மடி போல இருந்தது. நடுவில் ஒரு காம்பு, சுற்றிலும் நாலு. "டெல்கோ மூடி. அம்பாசிடர், இன்ஜின் பக்கவாட்டில்." சரி. எங்கள் ஊர்ப் பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொல்லிக் கேட்டதே இல்லை; டெல்கோதான். பெரியவர் சிரித்தார். "பிரெஞ்சுக்காரனும் டெல்கோன்னுதான் சொல்லுவான் தம்பி." அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் 1909-ல் சார்லஸ் கெட்டரிங் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. பாரீஸ் பட்டறைக்கும் எங்கள் ஊர்ப் பட்டறைக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு என்பதை நான் புதுச்சேரித் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன்.

என் வெற்றி அதோடு முடிந்தது.

இரண்டாவது, ஒரு சாண் நீளத்தில் லேசான பட்டை. ஒரு முனையில் கீல். கண்ணாடி இறக்கும் கைப்பிடி என்றேன். பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன் கைவைத்த மாத்திரத்தில் சொன்னான்: மோரிஸ் மைனரின் கைகாட்டி. விட்டு விட்டு எரியும் இண்டிகேட்டர் வருவதற்கு முன்னால் கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். உள்ளே விளக்கு எரியும். அந்தப் பையன் பிறப்பதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்பே ஒழிந்துபோன சாமான் அது.

மூன்றாவதை இப்போதும் மறக்க முடியவில்லை. விரல் நீள இரும்புப் பெட்டி, ஒரு பக்கம் கேபிள் நுழையும் துளை, இன்னொரு பக்கம் திருகும் குமிழ். தையல் மெஷின் என்று உளறினேன். சிட்ரோயன் 2சிவி காரின் வைப்பர் சாமான் அது. பிரான்சில் இருக்கும் பெரியவரின் தம்பி பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்ததாம். 1948-ல் வெளிவந்த அந்தக் காரில் வைப்பருக்குத் தனி மோட்டார் கிடையாது. ஸ்பீடோமீட்டருக்குப் போகும் கேபிளே அதையும் ஆட்டியது. வேகமாகப் போனால் வேகமாகத் துடைக்கும், மெதுவாகப் போனால் மெதுவாக. மழையில் சிக்னலில் நின்றால்? குமிழைப் பிடித்துக் கையால் ஆட்ட வேண்டியதுதான். உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோகும் வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிய கார் அது. மோட்டார் ஒன்றை மிச்சம் பிடித்த அந்தக் கணக்கு, எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கே பிடித்துப்போகும்.

நாலாவதாக அம்பாசிடர் பெயர்ப்பட்டை. எழுத்தைத் தடவியே சொல்லிவிட்டேன். "பேரு யாருக்குச் சொந்தம்?" என்று மடக்கினார் பெரியவர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் என்றேன். 2017-லேயே 80 கோடி ரூபாய்க்கு அந்தப் பெயரைப் பிரான்சின் பெஜோ வாங்கிவிட்டது. காபிக் காசு மறுபடியும் என் தலையில்.

கடைசிப் பொருள் துணிக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பி, முனையில் வழவழத்த மரக் கைப்பிடி. கியர் கம்பி என்றார் ஒருவர். கை பிரேக் என்றார் இன்னொருவர். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணும் கம்பி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு வேண்டிய வளைவு இதில் இல்லை. கல்லூரிப் பையனும் கைவிரித்தான்.

"காரே இல்லப்பா" என்றார் பெரியவர். புஷ் வண்டியின் திருப்புக் கம்பி. பிரெஞ்சில் பூஸ் பூஸ். 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில் இருந்த நாட்களில் வீதியில் ஓடியவை அவை. ரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பான். இதைப் பின்னாலிருந்து தள்ளுவான். தள்ளுகிறவனுக்கு முன்பக்க வழி தெரியாது. ஆகவே சவாரி வந்தவரே இந்தக் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பாடுபட்டுத் தள்ளுவது ஒருவன், போகும் திசையைத் தீர்மானிப்பது உட்கார்ந்திருப்பவர். யார் யாரை உட்கார வைத்துத் தள்ளினார்கள் என்று யோசித்தால் அந்த மரப்பிடியின் வழவழப்பு கொஞ்சம் உறுத்துகிறது.

1886-ல் பென்ஸ் செய்த முதல் காரிலும் வட்டமான ஸ்டியரிங் கிடையாது, கைப்பிடிதான். 1894-ல் பாரீஸ்–ரூவான் பந்தயத்தில் வாஷெரோன் என்பவர் தன் பன்ஹார்டில் வட்டச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் இங்கே கம்பிதான் வழி காட்டியது.

"வண்டி எங்கீங்க ஐயா?"

"சக்கரம், அச்சு எல்லாம் எடைக்குப் போயிடுச்சு. இது பரண்ல கெடந்ததால தப்பிச்சுது."

ஐந்தில் ஒன்றுதான் சரி. நாலு சுற்றுக் காபிக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த முறைக்கு எங்கள் ஊர் பம்புசெட்டிலிருந்து ஒரு சாமான் எடுத்து வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் உங்கள் வீட்டுப் பரணில் சின்னதாக ஒரு ஜோடிச் சக்கரம் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அதன் கம்பி அந்தத் திண்ணையில் இருக்கிறது.